பின்னால் வருவது

கெல்வினுக்கு அடுப்பு வேண்டும், ஓவன் வேண்டும்,
இரவில் எழுந்தால் நாலடியில் கழிப்பறை வேண்டும்.
அடிலெய்டு கண்காட்சியில் அந்த
மூன்று டன் கேரவனுக்குள்
காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார்,
கோயிலுக்குள் போவதுபோல.

நான் கேட்டேன்: நம் வண்டி இழுப்பது எவ்வளவு?
விற்பனைப் பையன் சிரித்தான்.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன்,
இன்னொரு வண்டியும் எடுத்துக்கொள்ளலாம், மேடம்,
தவணையில்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.
முப்பத்தோரு வருஷம் கம்பளி தரம்பிரித்தவள்,
பொதியைக் கையால் தள்ளியே எடை சொல்வேன்.
தண்ணீர் நூற்றிருபது லிட்டர், அதுவே நூற்றிருபது கிலோ.
கேஸ் சிலிண்டர் இரண்டு. பேட்டரி. இரண்டாவது உபரிச் சக்கரம்.
கெல்வினின் தூண்டில் பெட்டிகள்
(போவது பாலைவனத்துக்கு).
மிச்சம் இருபத்திரண்டு கிலோ.
அதில் நாய் பதினெட்டு.

"சாப்பாடு?" என்றார்.
"நாலு கிலோ" என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.

பாதை என்று அதைச் சொல்வதே மரியாதைக்கு.
தகரக் கூரையைத் தரையில் போட்டு
ஐந்நூறு கிலோமீட்டர் நீட்டினால் எப்படி,
அப்படி.
அதன்மேல் ஓவன் எதற்கு,
ஆணியெல்லாம் தானே கழன்று வறுபடும்.

மூன்றாம் நாள் க்வோர்னில் ஒரு டிரெய்லர்.
மூடி திறக்கும், கேன்வாஸ் எழும், படுக்கை இழுத்தால் வரும்.
ஒன்பது வருஷப் பழசு.
விற்பவர் ஸ்வோனிமிர்,
கூபர் பீடியில் ஓப்பல் தோண்டியவர்.
சொல்லையும் எண்ணித்தான் வெளியே எடுப்பார்.

பெயின்ட்டை நான் பார்க்கவில்லை.
சரளையில் முதுகு பதிய அடியில் நுழைந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
இடுக்கெல்லாம் செம்மண்,
கழுவிக் கழுவியும் போகாத மாவு.
ஸ்பிரிங் தகடுகள் சரி.
சக்கரத்தைச் சுழற்றினேன், பேரிங் முனகவில்லை.
இழுவைத் தண்டில் மட்டும்
விரலுக்கு நிரடும் ஒரு வெல்டிங்,
அவசரத்தில் போட்ட தையல் மாதிரி.

"இது?"
"ஊட்னடாட்டா பாதை. ஒரு செவ்வாய்க்கிழமை.
வேலி போடுகிறவன் ஒருத்தன் வந்தான்.
இரண்டு கார் பேட்டரி, கொஞ்சம் கம்பி."
மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு:
"அப்புறம் ஆறு வருஷம் ஓடியாயிற்று.
இனி உடைந்தால் வேறு இடத்தில்தான் உடையும்."

கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா போதும்,
மறைத்தே விற்றிருக்கலாம் அவர்.

கூடாரம் விரிக்கப் பதினோரு நிமிடம்
(விளம்பரத்தில் மூன்று).
கெல்வினை உள்ளே படுக்கச் சொல்லி
ஜிப்பை இழுத்து மூடி
தோட்டத்துக் குழாயைத் திறந்தேன்.
கூரைமேல், ஓரங்களில், தையல்களின்மேல்,
பேசாத இரண்டு நாளுக்கும் சேர்த்து.

உள்ளிருந்து குரல் வந்தது:
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
ஜன்னல் பக்கம் லேசாக...
அய்யோ, காது!
பிறகு சிரிப்பு.
ரயில்வேயில் கடைசிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து
அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.
கேன்வாஸ் முழுக்கக் குலுங்கியது.
நான் குழாயை மூட மறந்தேன்.

ஸ்வோனிமிர் முந்நூறு டாலர் குறைத்தார், காதுக்காக.
கழிப்பறைக்கு
ஒரு மண்வெட்டியைக் கொசுறாக வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன்.
கண்ணாடியைவிட்டுக் கண் நகரவில்லை.
நாங்கள் இறங்கி ஏறிய பள்ளத்தில்
ஒரு மூச்சு கழித்து அதுவும் இறங்கி ஏறியது.
எங்கள் தெருமுனையில் நான் திரும்பிவிட்டேன்,
அது இன்னும் திரும்பவில்லை.
ஃபியர்ன்லி வீட்டுத் தபால்பெட்டி
மெதுவாகச் சாய்ந்தது.

கெல்வின் இறங்கிப்போய் நிமிர்த்தி வைத்தார்.
காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டே
வந்து உட்கார்ந்து
"இன்னும் அகலமா வளைக்கணும்" என்றார்.